பொட்டாசியம் கொஞ்சம் கூடியிருந்தால் எதை விடுவது, எதை வைப்பது

இரத்தப் பரிசோதனைத் துண்டில் பொட்டாசியம் 5.3 என்றோ 5.5 என்றோ வந்திருக்கும். கிளினிக்கில் வைத்தியர் அதைப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டைக் கொஞ்சம் கவனிங்க, அடுத்த முறை திரும்ப எடுத்துப் பார்ப்பம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். பின்னால் வரிசை நீண்டு கிடக்கும். எதைக் கவனிப்பது, எப்படிக் கவனிப்பது என்று நின்று கேட்க நேரம் இருக்காது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பிரச்சினையே தொடங்குகிறது: நாளைக்கு என்ன சமைப்பது?

மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும் எங்கள் பக்கத்தில் இதற்கு மூன்று பதில்கள் உலாவுகின்றன. ஒன்று, பழம், கீரை, கிழங்கு, பருப்பு, தேங்காய்ப்பால் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்துவது. இரண்டு, அதே சாமான்களை வைத்துக்கொண்டு சமைக்கும் விதத்தை மாற்றுவது, அதாவது வெட்டி அவித்து, அவித்த தண்ணீரை ஊற்றிவிடுவது. மூன்று, பொட்டாசியம் அதிகமாக வந்து சேரும் இரண்டு மூன்று வழிகளை மட்டும் கண்டுபிடித்து அடைப்பது.

பொட்டாசியத்தை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகம்தான்; அது பலவீனமான அப்பாவுக்குச் சமைக்கும் வீடு எங்களுடையது. அதனால் மூன்றையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் மட்டும் கூடியிருக்கும்போது மூன்றாவது வழியில் தொடங்க வேண்டும். இரண்டாவதைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவதை வைத்தியரோ உணவு ஆலோசகரோ சொல்லாமல் கையில் எடுக்கவே கூடாது.

முதலில் அந்த எண்

சாதாரண அளவு லீட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை. சில ஆய்வுகூடங்கள் மேல் எல்லையை 5.1 என்றோ 5.3 என்றோ போடுவதுண்டு. துண்டிலேயே பக்கத்தில் அச்சிட்டிருக்கும். 5.9 வரையான உயர்வை லேசானது என்பார்கள். 6.0 முதல் 6.4 வரை நடுத்தரம், 6.5க்கு மேல் கடுமையானது. பொட்டாசியம் இதயத்தின் துடிப்பு ஒழுங்கோடு நேரடியாகத் தொடர்புள்ளது. அளவு மிகவும் ஏறினால் இதயம் தடுமாறும், சிலவேளை நின்றும் போகும். இதில் கெட்ட விடயம் என்னவென்றால், ஏறும்போது உடம்பு பெரிதாக ஒன்றும் சொல்லாது. ஆகவே 6ஐத் தொட்டுவிட்டால், அல்லது அளவு எதுவானாலும் கைகால் தளர்ந்து, நெஞ்சு படபடத்து, தலை சுற்றினால், கீரையை விடுவதா கிழங்கை விடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நான் எழுதுவது 5க்கும் 6க்கும் நடுவில் நிற்கிற, வைத்தியர் "வீட்டில் பாருங்கள்" என்று சொன்னவர்களுக்கு மட்டும்.

அந்த எண்ணே சரியா என்பது அடுத்தது. உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 வீதம் உயிரணுக்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. இரத்த நீரில் மிதப்பது மிகச் சிறிய பங்கு. ஊசி குத்தும்போது கையை இறுக்கிக் கட்டி, முஷ்டியைத் திரும்பத் திரும்பப் பொத்தி விரித்தாலோ, எடுத்த இரத்தம் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர நேரமெடுத்தாலோ, உயிரணுக்களுக்கு உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே கசிந்துவிடும். உடம்பில் சரியாக இருக்கும், குழாயில் கூடியிருக்கும். படுவான்கரைப் பக்கத்து ஊரொன்றில் இரத்தம் கொடுத்து, அது வெயிலில் ஆற்றைக் கடந்து நகரத்துக்கு வந்து சோதிக்கப்பட்டிருந்தால் இந்தச் சந்தேகம் நியாயமானது. முதல் தடவையாகக் கூடியிருக்கிறது, சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது, வேறு காரணமும் இல்லை என்றால் திரும்ப ஒருமுறை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்பதில் தவறே இல்லை.

மருந்துகளையும் பார்க்க வேண்டும். பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் லொசாட்டன், எனலப்ரில், ஸ்பைரோனோலக்டோன் ஆகியவை பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைக்கும். இடுப்பு வலி, மூட்டு வலி என்று பார்மசியில் தானே வாங்கிப் போடும் டைக்ளோபெனக், இபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகளும் அப்படித்தான். அவை சிறுநீரகத்தையும் சேர்த்துத் தாக்கும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கொட்டிரைமொக்சசோல் கூட இந்தக் கூட்டத்தில் சேரும். கடையில் வாங்கும் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் சொல்லுங்கள். ஆனால் லொசாட்டனையோ எனலப்ரிலையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். பலருக்கு அது சிறுநீரகத்தைக் காப்பாற்றவே கொடுக்கப்படுகிறது. அளவைக் குறைப்பதா, மாற்றுவதா, அப்படியே வைத்து உணவைச் சரிசெய்வதா என்பதை வைத்தியர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றை யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை: மலச்சிக்கல். உட்கொள்ளும் பொட்டாசியத்தில் ஏறக்குறைய 90 வீதத்தைச் சிறுநீரகமும், மிச்சத்தைக் குடலும் வெளியேற்றுகின்றன. சிறுநீரகம் தளரத் தளரக் குடலின் பங்கு கூடும். குடலும் அடைத்துக்கொண்டால் போக வழியில்லை. வயதானவர்கள் வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். கீழே நான் சொல்லப்போகும் தீர்ப்புக்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

எல்லாவற்றையும் நிறுத்துவது

இந்த வழி ஏன் பிரபலம் என்று புரிகிறது. சொல்லிக்கொடுக்க எளிது. "வாழைப்பழம் இல்லை, இளநீர் இல்லை, கீரை இல்லை, கிழங்கு இல்லை, பருப்பு இல்லை, பலா இல்லை, தக்காளி இல்லை" என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடலாம். டயலிசிஸ் செய்பவர்களுக்கு அல்லது அளவு 6ஐ நெருங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு இப்படியான கண்டிப்பு தேவைப்படலாம். அவர்களுக்கும் அதைச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். எத்தனை நாள் என்றும் சொல்ல வேண்டும்.

5.4 உள்ள ஒருவர் இதைச் செய்தால் தட்டில் என்ன மிஞ்சுகிறது? வெள்ளைச் சோறு, பாண், பிஸ்கட், ஒரு துண்டு மீன். நார்ச்சத்து போய்விட்டது, மலச்சிக்கல் வருகிறது, குடல் வழியாகப் போக வேண்டிய பொட்டாசியம் உள்ளேயே தங்குகிறது. சீனி வருத்தம் உள்ளவராக இருந்தால் மாச்சத்துக் கூடி இரத்தச் சீனி ஏறுகிறது. இன்சுலின்தான் பொட்டாசியத்தை இரத்தத்திலிருந்து உயிரணுக்குள் தள்ளுவது. இன்சுலின் போதாமல் சீனி கட்டுப்பாடில்லாமல் ஏறும்போது பொட்டாசியமும் வெளியே வந்து நிற்கும். உணவைக் குறைத்தும் எண் குறையவில்லையே என்று அவர் இன்னும் குறைப்பார். எங்கள் பகுதியில் சிறுநீரக வருத்தக்காரர்களில் பலர் சீனி, பிரஷர் இரண்டையும் சேர்த்துச் சுமப்பவர்கள். அவர்கள் மெலிந்து, சதை கரைந்து, வாய்க்கு ருசி இல்லாமல் சோர்ந்து போவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

அறிவியலும் இந்தப் பக்கத்திலிருந்து நகர்ந்துவிட்டது. அமெரிக்கத் தேசிய சிறுநீரக அமைப்பு 2020இல் வெளியிட்ட போசணை வழிகாட்டி, எல்லோருக்கும் இத்தனை மில்லிகிராம் என்று ஒரு கோட்டைக் கிழிக்கவில்லை. இரத்த அளவு சரியான எல்லைக்குள் நிற்கும்படி ஆளுக்கு ஆள் உணவைச் சரிசெய்யச் சொல்கிறது. பொட்டாசியம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். மரக்கறி, பழம், பருப்பு ஆகியவற்றை முழுசாகச் சாப்பிடும்போது அவற்றிலுள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய 50 முதல் 60 வீதம்தான் உடம்பில் சேர்கிறது. உப்பு வடிவில் தொழிற்சாலையில் சேர்த்த பொட்டாசியம் 90 வீதம் அல்லது அதற்கும் மேல் சேர்கிறது. பயிற்றங்காய்க் கறியைப் பார்த்துப் பயந்து, பைக்கற்றில் வந்த சொசேஜைத் தட்டில் வைப்பவர் வாசலைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைக்கிறார்.

சட்டியை மாற்றுவது

இரண்டாவது வழிக்கு நம் அடுப்படி ஏற்கெனவே பாதி பழகியிருக்கிறது. மரவள்ளிக்கிழங்கைத் திறந்த சட்டியில் அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும் என்று எல்லா வீட்டிலும் தெரியும். அது கிழங்கிலுள்ள நஞ்சுக்காகச் சொன்னது. அதே வேலையில் பொட்டாசியமும் கணிசமாகக் கழிந்து போகிறது, ஏனென்றால் பொட்டாசியம் தண்ணீரில் கரையும். இதே முறையை உருளைக்கிழங்குக்கும், வாழைக்காய்க்கும், ஈரப்பலாக்காய்க்கும், பூசணிக்கும் கொண்டுபோனால் போதும்.

எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சிறு துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து வடித்தால் பொட்டாசியம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். துருவிப் போட்டு அவித்தால் இன்னும் கூடக் குறையும். ஆனால் முழுக்கிழங்காகத் தோலோடு அவித்தால் பெரிதாக எதுவும் வெளியே வராது. இரவு முழுதும் வெறும் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு "பொட்டாசியம் எடுத்தாச்சு" என்று நினைப்பதும் சரியில்லை. கொதி இல்லாமல் கிழங்கு அதை லேசில் விடாது. துண்டு சிறிது, தண்ணீர் நிறைய, நல்ல கொதி, கடைசியில் வடிப்பு. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் பலன் குறையும்.

இங்கே நம் சமையலில் ஒரு சிக்கல் உண்டு. நாம் மரக்கறியைக் குழம்பில்தான் வேகவைக்கிறோம். கழிந்த பொட்டாசியம் குழம்பில் தங்குகிறது. அந்தக் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிடுகிறோம். ஆக, துண்டை முதலில் தனியாக அவித்து வடித்துவிட்டு அப்புறம் கறியில் போட வேண்டும். அல்லது துண்டை எடுத்துக்கொண்டு குழம்பைக் குறைக்க வேண்டும். அவித்த தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் சொதிக்கோ ரசத்துக்கோ பாவிக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. மற்ற வீடுகளில் அது நல்ல பழக்கம், இந்த வீட்டில் கூடாது. பொரிப்பதிலும் பயனில்லை. பொரிக்கும்போது தண்ணீர்தான் போகிறது, பொட்டாசியம் அப்படியே நிற்கிறது. அதனால்தான் கிழங்குப் பொரியல் கையளவு சாப்பிட்டாலே கணக்கு ஏறிவிடுகிறது.

கீரைக்கு என்ன செய்வது? முருங்கையிலையையோ முளைக்கீரையையோ நன்றாகக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, பிழிந்து, அப்புறம் தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டல் செய்யலாம். ருசி கொஞ்சம் குறையும், விற்றமின் சி போன்ற சில சத்துகளும் தண்ணீரோடு போகும். ஆனால் 100 கிராம் பச்சை முருங்கையிலையில் 340 மில்லிகிராம் அளவு இருந்தாலும் ஒரு ஆளின் பங்குக்கு வருவது 30, 40 கிராம்தான். கிழமையில் இரண்டு நாள் இரண்டு கரண்டி கீரைச் சுண்டல் சாப்பிடுவதால் 5.4 என்பது 6 ஆகிவிடாது. இந்த அளவுக்குக் கீரையைப் பிழிந்து சாறெடுக்க வேண்டுமா என்று என்னைக் கேட்டால், தேவையில்லை என்றுதான் சொல்வேன். கிழங்குக்கும் வாழைக்காய்க்கும் அந்த உழைப்பைச் செலவழியுங்கள். ஒரு நேரத்துக்கு 150, 200 கிராம் தட்டில் விழுவது அவைதான்.

இந்த வழியின் உண்மையான விலை நேரமும் எரிபொருளும். இரண்டு சட்டி, இரண்டு கொதி, காஸ் விலை. வீட்டில் ஐந்து பேருக்குச் சமைக்கும்போது ஒருவருக்காக எல்லோருடைய கறியையும் வடிக்க முடியாது. எங்கள் வீட்டில் கிழங்கு வெட்டும்போதே அப்பாவுடைய பங்கைச் சிறிதாக வெட்டித் தனிச் சட்டியில் அவித்து வடித்து, கறி இறக்கும்போது கொஞ்சம் கூட்டில் பிரட்டி எடுத்துவிடுவோம். அவருக்குத் தனிச் சாப்பாடு என்ற நினைப்பே வராது.

பெரிய வழிகளை மட்டும் அடைப்பது

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியவர்களுக்கு வழமையாகச் சொல்லப்படும் எல்லை நாளொன்றுக்கு 2000 முதல் 2500 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஆளுக்கு ஆள் மாறும் என்பதை மறக்க வேண்டாம். ஆரோக்கியமான ஆளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது குறைந்தது 3510.

சாதாரண மதியச் சாப்பாட்டை எடுங்கள். சோறு 200 கிராம்: 70 மில்லிகிராம். மீன் ஒரு துண்டு, 75 கிராம்: 280 அளவில். பருப்புக் கறியில் ஒருவர் பங்குக்கு வரும் காய்ந்த மைசூர்ப் பருப்பு 30 கிராம்: 200. புடலங்காயோ கெக்கரியோ 100 கிராம்: 150. கொஞ்சம் சொதி: 150. மொத்தம் 850ஐச் சுற்றி வருகிறது.

இப்போது சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வாய்க்குள் போவதைப் பாருங்கள். வெயிலுக்கு ஒரு இளநீர்: 100 மில்லிலீட்டருக்கு 200 முதல் 250 வரை இருப்பதால், முழுசாகக் குடித்தால் 800ஐத் தொடலாம். பின்னேரம் கடையில் பால் விட்டு அடித்த அவகாடோ ஜூஸ் ஒரு கிளாஸ்: 700. டிவி பார்த்துக்கொண்டே ஒரு சரை கச்சான் (நிலக்கடலை), 50 கிராம்: 350. மொத்தம் 1850. இரண்டு மதியச் சாப்பாட்டை விடக் கூட.

நான் மூன்றாவது வழியைப் பிடித்துக்கொள்வது இதற்காகத்தான். நாம் சண்டை பிடிப்பது தட்டோடு. பொட்டாசியம் நிறைய வருவதோ கிளாசில்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் பக்கத்தில் இளநீர் இல்லாமல் ஒரு நாளும் போகாது. நோயாளியைப் பார்க்க வருபவர்கள் கையில் கொண்டு வருவதும் அதைத்தான். "இளநியக் குடிங்க, சூடு தணியும்" என்று பக்கத்து வீட்டு அக்கா அன்போடு வெட்டித் தரும்போது வேண்டாம் என்பது கடினம். ஆனாலும் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. செவ்விளநீர், பச்சை இளநீர் என்று வேறுபாடு பார்க்கவும் வேண்டாம். தாகத்துக்குத் தண்ணீர் இருக்கிறது. தேசிக்காய் பாதி பிழிந்து தண்ணீர் கலந்து குடிக்கலாம், அதில் வரும் பொட்டாசியம் சொற்பம். பிளேன்டீ நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை பரவாயில்லை. பால்மா கரைத்த தேநீரைக் கணக்கில் எடுங்கள்: ஒரு மேசைக்கரண்டி பால்மாவில், அதாவது 10 கிராமில், 130 அளவில் வந்துவிடும். நாலு தடவை குடித்தால் 500ஐத் தாண்டும்.

இளநீரை விடவும் எனக்குப் பயம் தருவது உப்புக்குப் பதிலாக விற்கும் "சோடியம் குறைந்த உப்பு". பிரஷர்காரர்கள் நல்லதென்று நினைத்து வாங்குகிறார்கள். சோடியத்தைக் குறைத்த இடத்தில் அதில் போடுவது பொட்டாசியம் குளோரைட். ஒரு கிராம் பொட்டாசியம் குளோரைட்டில் 520 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது, அதுவும் உடம்பு முழுசாக உறிஞ்சும் வடிவில். சாதாரண மனிதருக்கு அது உதவலாம். சிறுநீரகம் தளர்ந்தவர் வீட்டில் அந்தப் போத்தல் இருக்கவே கூடாது. சாதாரண உப்பையே குறைத்துப் போடுங்கள்; புளி, தேசிக்காய், மிளகு, வெள்ளைப்பூடு, கறிவேப்பிலை எல்லாம் ருசிக்கு இருக்கின்றன.

பைக்கற்றுகளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் குறியீட்டு எண் 508 என்றால் பொட்டாசியம் குளோரைட், 340 என்றால் பொட்டாசியம் பொஸ்பேட். பதப்படுத்திய இறைச்சி, உடனடி சூப் வகைகளில் இவை இருக்கலாம். வயிற்றோட்டத்துக்குக் கரைக்கும் ஜீவனியிலும் பொட்டாசியம் உண்டு. அது நோய்க்கான மருந்து, தேவைப்படும்போது உயிர் காக்கும். வெயிலில் களைத்தால் குடிக்கும் பானமாக அதை எடுப்பதுதான் சரியில்லை. வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தால் எவ்வளவு குடிப்பது, எந்த மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பது என்று அன்றே வைத்தியரிடம் கேளுங்கள்.

பழத்தை விடத் தேவையில்லை, மாற்றினால் போதும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 400 அளவில். கொய்யா, பலா இரண்டும் 100 கிராமுக்கு 400ஐத் தாண்டும். அதே 100 கிராமுக்கு அன்னாசியிலும் அப்பிளிலும் வத்தகப்பழத்திலும் 110ஐச் சுற்றித்தான். மாம்பழமும் பப்பாப்பழமும் 170, 180. வத்தகப்பழம் மட்டும் அளவு தெரியாமல் போகும் பழம். அரைப் பழத்தைச் சாப்பிட்டால் குறைந்த பொட்டாசியப் பழம் என்பதற்கு அர்த்தமில்லை. நாளுக்கு ஒரு கிண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாறாகப் பிழியாமல் கடித்துச் சாப்பிடுங்கள். ஒரு கிளாஸ் சாற்றுக்குள் மூன்று பழம் ஒளிந்திருக்கும், நார் வெளியே போயிருக்கும்.

மட்டக்களப்புத் தயிரைப் பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். 100 கிராமுக்கு 150 அளவில் என்று கணக்கு வைத்து, சின்னக் கிண்ணம் ஒன்றைக் கிழமையில் ஓரிரு நாள் சாப்பிடலாம். சிறுநீரக நோய் முற்றியவர்களுக்குப் பொஸ்பரஸ் கணக்கும் உண்டு, அதை அவர்கள் வைத்தியரிடம் கேட்டே ஆக வேண்டும். தயிரோடு சேர்க்கும் கருப்பட்டியிலும் சர்க்கரையிலும் பொட்டாசியம் இருக்கிறது, வெள்ளைச் சீனியில் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் சீனி வருத்தம் உள்ளவருக்கு மூன்றுமே வேண்டாதவைதான். மரமுந்திரிகைப் பருப்பு 30 கிராமில் 200 வருகிறது. ஏழெட்டுப் பருப்பைக் கறியில் போடுவது வேறு, சரையோடு கொறிப்பது வேறு.

நாட்டு மருந்தும் பவுடரும்

இவற்றை நான் தெரிவுகளாகவே எண்ணவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. வாழைத்தண்டுச் சாறு, கீரைச் சாறு, மூலிகைக் கசாயம் என்று "சிறுநீரகத்தைக் கழுவும்" பானங்கள் வீடு வீடாகச் சொல்லப்படுகின்றன. செடியைப் பிழிந்தால் முதலில் வெளியே வருவதே பொட்டாசியம்தான். பிலிம்பிக்காய்ச் சாறும் நட்சத்திரப்பழமும் இன்னும் ஆபத்து. அவற்றிலுள்ள ஒக்சலேட் சிறுநீரகத்தைத் திடீரென்று செயலிழக்கச் செய்த சம்பவங்கள் இலங்கையிலேயே பதிவாகியிருக்கின்றன. நட்சத்திரப்பழம் சிறுநீரக நோயாளியின் மூளையையும் பாதிக்கும். இவை இரண்டும் எந்த அளவிலும் வேண்டாம்.

பொட்டாசியத்தைக் குடலில் பிடித்து வெளியேற்றும் பவுடர் மருந்து உண்டு. வைத்தியர் எழுதினால் அவர் சொன்ன நாட்களுக்குக் குடியுங்கள். பழைய பழக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ள அதை ஒரு சாட்டாகப் பாவிக்காதீர்கள். சில வகைப் பவுடர் மலச்சிக்கலை உண்டாக்கும்.

யாருக்கு எது

சீனி வருத்தமும் சேர்ந்திருப்பவர் மூன்றாவது வழியை விட்டு அசையக் கூடாது. நார்ச்சத்துள்ள மரக்கறி அவருக்கு இரண்டு பக்கமும் உதவுகிறது. ஒன்று மட்டும் அவர் தெரிந்திருக்க வேண்டும்: இரத்தச் சீனி திடீரென்று இறங்கி வியர்த்து நடுங்கினால் தோடம்பழச் சாறோ இளநீரோ எடுக்காமல், குளுக்கோஸ் அல்லது சீனி கரைத்த தண்ணீரைக் குடிக்க வேண்டும்.

கிழங்கு இல்லாமல் சாப்பாடு இறங்காத வீடுகள் உண்டு. காலையில் அவித்த மரவள்ளி, இரவுக்கு உருளைக்கிழங்குக் கறி. அவர்களுக்கு இரண்டாவது வழி துணை என்பதைத் தாண்டி, பிரதானமாகவே ஆகிவிடும்.

நோன்பு பிடிக்கும் வீடுகளுக்கு ரமழான் தனிக் கணக்கு. காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் நோன்பு திறக்கும் மேசையில் பேரீச்சம்பழத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். சாதாரண அளவுப் பேரீச்சம்பழம் மூன்றில் 150 அளவில்தான் இருக்கிறது. பக்கத்தில் ஜக்கில் நிற்கும் இளநீரும் பழச்சாறும்தான் பெரியது. ஒன்றோ மூன்றோ பழத்தோடு திறந்து, தண்ணீர் குடித்து, கஞ்சியை அளவாக எடுக்கலாம். ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவர் நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருக்கலாமா என்பது அதற்கு முந்திய கேள்வி. அதை ரமழான் தொடங்கும் முன்பே வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள், மாத்திரை நேரங்களையும் சேர்த்து.

வயலில் நிற்பவர்கள் வேறு விதம். சிறுபோகத்து வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் சிறுநீரகம் தாங்காது. அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டிப் பக்கத்தில் காரணம் தெளிவாகத் தெரியாத சிறுநீரக நோய் விவசாயிகளிடையே பரவியிருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இளநீரை விடச் சொல்லும்போது அந்த இடத்தில் போத்தல் நிறையச் சுத்தமான தண்ணீரைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். தண்ணீர் அளவைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவு.

தனியாக வாழும் முதியவர்களுக்கு இரண்டு சட்டி, இரண்டு கொதி என்றெல்லாம் சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு மூன்றே மூன்று சொல்லுங்கள்: இளநீரும் சாறும் வேண்டாம், மாற்று உப்பு வேண்டாம், பார்மசி வலி மாத்திரை வேண்டாம். மற்றதெல்லாம் வழமைபோலச் சாப்பிடட்டும்.

எந்த வழியை எடுத்தாலும் திரும்ப இரத்தம் எடுக்கும் நாளை வைத்தியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு இடைப்பட்ட நாட்களில் ஒரே மாதிரிச் சாப்பிடுங்கள். இரத்தம் எடுப்பதற்கு முந்திய இரண்டு நாள் மட்டும் பட்டினி கிடந்து நல்ல எண்ணை வாங்கினால் வைத்தியரும் ஏமாறுவார், நீங்களும் ஏமாறுவீர்கள். ஊசி குத்தும்போது கையைத் தளர்வாக வைத்திருங்கள், முஷ்டியைப் பொத்தி விரிக்க வேண்டாம். கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடு, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், தைலக்கடையில் வாங்கிய சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். இளநீரையும் பால்மாவையும் கச்சானையும் இவ்வளவு குறைத்தேன் என்று ஒரு துண்டில் எழுதி மேலே வையுங்கள். எண் இறங்கியிருந்தால் எது உதவியது என்று வைத்தியருக்குத் தெரியும், இறங்காவிட்டால் அடுத்ததாக மருந்தைப் பார்ப்பதா உணவைப் பார்ப்பதா என்றும் அவருக்குத் தெரியும்.